பள்ளிக்கூடத்தில் அடி: பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

ஓர் அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினராக இருக்கிறேன். கழிப்பறை, குடிநீர், சுற்றுச்சுவர் என்று எதில் தொடங்கினாலும் பேச்சு கடைசியில் அடியில் வந்துதான் நிற்கும். "இப்பல்லாம் வாத்தியாருங்க அடிக்கிறதே இல்ல, அதான் பிள்ளைங்க கெட்டுப்போகுது" என்பார்கள் சிலர். "எம் பொண்ணு கையப் பாருங்க" என்று வந்து நிற்பார்கள் வேறு சிலர். அடிக்கடி காதில் விழுந்த சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, தெரிந்த பதிலையும் சேர்த்திருக்கிறேன். பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்பது என் கருத்து. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பள்ளிக்கூடத்துல பிள்ளைய அடிக்கலாமா, கூடாதா? சுத்தி வளைக்காம சொல்லுங்க.

கூடாது. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு உடல் தண்டனையையும் மன ரீதியான துன்புறுத்தலையும் சேர்த்தே தடை செய்கிறது. மீறினால் பணி விதிகளின்படி ஒழுங்கு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் இது நடப்பில் இருக்கிறது. தமிழ்நாட்டில் அதற்கும் முன்னாலேயே, 2003-இல், கல்வி விதிகளில் 51-ஆவது விதியைத் திருத்தி, பிள்ளைகளைத் திருத்துகிறோம் என்ற பெயரில் உடலுக்கோ மனதுக்கோ வலி கொடுக்கக் கூடாது என்று ஆக்கிவிட்டார்கள்.

"அப்படியெல்லாம் சட்டம் இருக்கா?" என்று இன்னமும் கேட்கிறார்கள். இன்று ஒன்றாம் வகுப்பில் பிள்ளையைச் சேர்க்கிற பெற்றோரில் பலர் பள்ளியில் படித்த காலத்திலேயே இந்தத் தடை வந்துவிட்டது.

அடின்னா பிரம்பால அடிக்கிறது மட்டுமா? முட்டி போட வைக்கிறது, தோப்புக்கரணம் எல்லாம் கணக்குல வருமா?

வரும். தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டு நெறிமுறைகள் இதை விரிவாகவே பேசுகின்றன. ஸ்கேலால் முட்டியில் தட்டுவது, தலையில் குட்டுவது, காதைத் திருகுவது, தொடையில் கிள்ளுவது, டஸ்டரை வீசுவது எல்லாம் அடிதான். முட்டி போட வைப்பது, பெஞ்சு மேல் ஏற்றுவது, வெயிலில் நிறுத்துவது, கிரவுண்டைச் சுற்றி ஓட விடுவது, ஒன்றுக்குப் போக விடாமல் உட்கார வைப்பது ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கை ஓங்காமல் கொடுத்தாலும் வலி வலிதான்.

மன ரீதியான துன்புறுத்தலைப் பெற்றோர் பெரும்பாலும் கணக்கில் எடுப்பதில்லை. "உங்கப்பன் பண்ற வேலைக்கு நீ படிச்சு என்ன ஆகப்போகுது" என்று முப்பது பிள்ளைகள் முன்னால் சொல்வது பிரம்படியைவிட நெடுநாள் நிற்கும். மார்க்கைச் சத்தமாக வாசித்துச் சிரிக்க வைப்பதும், ஃபீஸ் கட்டாத பிள்ளையை எழுப்பி நிற்க வைப்பதும் இதில்தான் வரும். சாதியைச் சொல்லித் திட்டினாலோ, குறிப்பிட்ட பிள்ளைகளை மட்டும் கூப்பிட்டுக் கழிப்பறை கழுவச் சொன்னாலோ கதையே வேறு. பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகள் விஷயத்தில் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழும் வழக்கு வரும்.

"கண்ண மட்டும் விட்டுட்டுத் தோல உரிச்சிருங்க சார்"னு சேர்க்கும்போதே நான் சொல்லிட்டேன். நானே சம்மதிச்ச பிறகு அவங்க அடிக்கிறதுல என்ன தப்பு?

கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவில் 'பெற்றோர் சம்மதித்தால் பரவாயில்லை' என்று எந்த விதிவிலக்கும் கிடையாது. நீங்கள் வாயால் சொன்னாலும், பத்திரத்தில் எழுதிக் கொடுத்தாலும், அந்த ஆசிரியரை அது காப்பாற்றாது. பத்திரம் கேட்கிற பள்ளி ஏதாவது இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

இந்த வசனத்தைச் சேர்க்கை நாளில் ஏன் சொல்கிறோம் என்று யோசித்திருக்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியர் முன்னால், கைகட்டி நிற்கிற ஒரு அப்பா "எம் பிள்ளையக் கைவிட்றாதீங்க" என்று கெஞ்சுவதற்கு வைத்திருக்கிற சொற்கள் இவை. சொல்கிறவர் மனதில் அடி இருப்பதில்லை, நம்பிக்கைதான் இருக்கிறது. ஆனால் பக்கத்தில், புதுப் பையை மாட்டிக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு அது வேறு மாதிரி போய்ச் சேர்கிறது. நாளைக்கு அடி விழுந்தால் வீட்டில் போய்ச் சொல்ல முடியாது, சொன்னால் இன்னொரு அடிதான் என்று அன்றைக்கே முடிவு கட்டிக்கொள்கிறது.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. காரில் வந்து இறங்குகிற அப்பா இந்த வசனத்தைச் சொன்னாலும் அந்தப் பிள்ளை மேல் யாரும் கை வைக்க மாட்டார்கள், வந்து கேட்பார் என்ற பயம் இருக்கும். சித்தாள் வேலைக்குப் போகிற அம்மா சொன்னால் அப்படியே நிறைவேற்றிவிடுவார்கள். அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்து அவரால் கேட்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும்.

நாங்கல்லாம் அடி வாங்கித்தான் படிச்சோம். நல்லாத்தானே இருக்கோம்? முருங்கைய ஒடிச்சு வளக்கணும், பிள்ளைய அடிச்சு வளக்கணும்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?

நல்லா இருக்கிறவர்கள்தான் கூட்டத்துக்கு வந்து இதைச் சொல்கிறோம். உங்களோடு ஐந்தாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பாருங்கள். கணக்கு வாத்தியாருக்குப் பயந்து, பையைக் கண்மாய்க் கரைப் புதரில் ஒளித்துவிட்டு, மணி அடிக்கும் வரை சுற்றிக்கொண்டிருந்த ஒருவன் எல்லா ஊரிலும் இருந்தான். அவன் எட்டாவதைத் தாண்டவில்லை. அவனுக்கும் அதே அடிதான் விழுந்தது. அடி உங்களைப் படிக்க வைத்தது என்றால் அவனை ஏன் படிக்க வைக்கவில்லை? நீங்கள் படித்ததற்கு வீட்டில் இருந்த ஒருவர், பிடித்துப்போன ஒரு டீச்சர், கொஞ்சம் வசதி, உங்கள் பிடிவாதம் என்று வேறு காரணங்கள் இருந்திருக்கும்.

பழைய வழக்கம் என்பதற்காக எல்லாவற்றையும் நாம் வைத்துக்கொள்ளவில்லை. 1823-இல் பெல்லாரி கலெக்டராக இருந்த கேம்பெல் அன்றைய உள்ளூர்ப் பள்ளிகளைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். காலையில் முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்கள். இரண்டாவது பிள்ளைக்குச் சுழி, அதாவது பூஜ்யம். மூன்றாவது பிள்ளையிலிருந்து வரிசைப்படி அடி ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே போகும். படிக்காத பிள்ளையை இரண்டு கையையும் கட்டிக் கூரையிலிருந்து தொங்கவிடுவதும் உண்டு. நம் திண்ணைப் பள்ளிகளில் அதற்குக் கோதண்டம் என்று பெயர். இன்றைக்கு எந்தப் பெற்றோரும் கோதண்டம் வேண்டும் என்று கேட்பதில்லை. அது போன பிறகும் பிள்ளைகள் படித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அடி இல்லன்னா பயமே இருக்காதே, அப்புறம் எப்படிப் படிக்கும்?

பயம் வரும், ஆனால் அடிக்கிற ஆள் மேல்தான் வரும். ஏழாம் வாய்ப்பாட்டைத் தப்பாகச் சொன்னதற்கு உள்ளங்கையில் வாங்கிய பிள்ளை, அடுத்த முறை வாய்ப்பாட்டை நன்றாகப் படிப்பதைவிட, டீச்சர் கண்ணில் படாத இடத்தில் உட்காரத்தான் முதலில் கற்றுக்கொள்கிறது. தெரியவில்லை என்றால் "தெரியல டீச்சர்" என்று சொல்வதை நிறுத்திவிடும். வீட்டுப்பாடத்தை அடுத்தவன் நோட்டைப் பார்த்து எழுதும். ரேங்க் கார்டில் அப்பா கையெழுத்தைத் தானே போடும். அந்த ஆசிரியர் விடுப்பில் போன அன்று வகுப்பில் போய்ப் பாருங்கள், பயம் எவ்வளவு தூரம் நிற்கிறது என்று தெரியும்.

வீட்டில் பெற்றோர் பிள்ளைகளை அடிப்பதைப் பற்றிப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2016-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 1,60,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பற்றிய தகவல் அதில் அடங்கும். அடி வாங்குகிற பிள்ளைகளிடம் முரட்டுத்தனமும் மனச்சோர்வும் கூடுதலாக இருந்ததே தவிர, நாளடைவில் சொல்பேச்சுக் கேட்கிறார்கள் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை.

சில பிள்ளைங்க அடிச்சாத்தான் கேக்கும். என் பையன் அந்த ரகம். என்ன பண்றது?

முதலில் அவன் கண்ணைப் பரிசோதியுங்கள். பலகை தெரியாத பிள்ளை பக்கத்து நோட்டை எட்டிப் பார்க்கும், பேசும், திட்டு வாங்கும். அரசுப் பள்ளி என்றால் பள்ளி மருத்துவக் குழு வரும்போது சொல்லுங்கள், கண்ணாடி இலவசமாகவே கிடைக்கும். அடுத்து காது. அடிக்கடி சளி பிடித்துக் காதில் சீழ் வருகிற பிள்ளைக்குப் பின் பெஞ்சிலிருந்து பாதிப் பாடம் கேட்காது. கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையைத் 'திமிர்' என்றே எழுதிவிடுகிறோம்.

கண்ணும் காதும் சரி என்றால், எழுத்துகளை மாற்றி எழுதுகிறானா, வாசிக்கும்போது வரியை விட்டுவிடுகிறானா என்று பாருங்கள். டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடாக இருக்கலாம். அதை அடித்துச் சரிசெய்ய முடியாது, தனிப் பயிற்சி வேண்டும். ராத்திரி பன்னிரண்டு மணி வரை போன் பார்க்கிறானா, வீட்டில் சண்டை நடக்கிறதா என்பதையும் நீங்கள்தான் பார்க்க வேண்டும். இத்தனையும் பார்த்த பிறகும் சேட்டைக்காரனாகவே இருக்கலாம். சேட்டை செய்கிற வயதுதான் அது.

டீச்சர் பாவம் இல்லையா? ஐம்பது பேர வச்சுக்கிட்டு அவங்க என்னதான் செய்வாங்க?

நியாயமான கேள்வி. அடியை எதிர்க்கிற நாம் இதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஐந்தாம் வகுப்பு வரை 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், ஆறு முதல் எட்டு வரை 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்று கல்வி உரிமைச் சட்டம் கணக்கு வைத்திருக்கிறது. ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்து நடத்திக்கொண்டு, நடுவில் பதிவேட்டையும் எழுதி, செயலியில் விவரத்தையும் ஏற்றுகிற பள்ளிகள் இருக்கின்றன. காலியிடத்தை நிரப்பச் சொல்லி மனு கொடுக்காமல், அவரிடம் போய் "ஏன் கை நீட்டினீங்க" என்று மட்டும் கேட்பது பாதி வேலைதான்.

அடிக்காமலே வகுப்பை நடத்துகிற ஆசிரியர்கள் எல்லாப் பள்ளியிலும் ஒருவராவது இருக்கிறார். எங்கள் பள்ளியில் ஒரு டீச்சர் இருக்கிறார். சத்தம் கூடினால் பேச்சை நிறுத்திவிட்டு, அதிகம் பேசுகிற பையனின் பெஞ்சுப் பக்கம் நடந்து போய் நிற்பார். நின்றபடியே பாடத்தைத் தொடர்வார், அவனைப் பார்க்கக்கூட மாட்டார். வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை மதியச் சாப்பாட்டுக்குப் பின் அவர் மேசைப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதி முடிக்க வேண்டும். மூன்றாவது முறையும் எழுதாமல் வந்தால் அன்று மாலை வீட்டுக்குப் போன் வரும். அந்தப் போனை நாம் எடுக்க வேண்டும். வேலை நேரத்தில் எடுக்க முடியாது என்றால் எப்போது கூப்பிட்டால் எடுப்போம் என்று முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். பெற்றோர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி அதுதான் என்று அவரே சொல்வார்.

வீட்டுல நாங்களே அடிக்கிறோமே, அது குத்தமா?

பெற்றோர் வீட்டில் அடிப்பதைத் தனியாகத் தடை செய்யும் சட்டம் இந்தியாவில் இல்லை. ஸ்வீடன் 1979-லேயே அதையும் தடை செய்துவிட்டது, உலகத்தில் முதல் நாடு அதுதான். இங்கே பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் நன்மைக்காக, நல்லெண்ணத்தோடு செய்கிற செயலுக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 27-ஆவது பிரிவு (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 89) கொஞ்சம் இடம் விடுகிறது. எல்லை தாண்டினால் பெற்றோர் மீதும் சிறார் நீதிச் சட்டம் பாயும்.

சட்டத்தை விடுங்கள். வீட்டில் அடி விழுகிற பிள்ளை பள்ளியில் விழுந்த அடியை வந்து சொல்லாது. அடுத்த கேள்விக்கும் இதுதான் பாதிப் பதில்.

பள்ளிக்கூடத்துல என்ன நடந்தாலும் எம் பிள்ளை வாயே திறக்க மாட்டேங்குது. அடி வாங்குதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் நடத்திய ஆய்வு 2007-இல் வெளியானது. பள்ளி செல்லும் பிள்ளைகளில் 65 சதவீதம் பேர், அதாவது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர், பள்ளியில் அடி வாங்குவதாகச் சொன்னார்கள். ஆனால் பெற்றோரிடம் கேட்டுப் பாருங்கள், "எம் பிள்ளைய யாரும் தொட மாட்டாங்க" என்றுதான் பலர் சொல்வார்கள்.

திங்கட்கிழமை காலையில் மட்டும் வருகிற வயிற்று வலி, ஒரு குறிப்பிட்ட பாடம் இருக்கிற நாளில் மட்டும் காய்ச்சல், நின்றுபோன படுக்கை நனைப்பு திரும்ப வருவது, சாப்பிடும்போது விரலை மடக்கத் தயங்குவது ஆகியவற்றைக் கவனியுங்கள். குளிப்பாட்டும்போது தொடையையும் முதுகையும் பாருங்கள். சின்னப் பிள்ளைகள் விளையாட்டில் காட்டிக்கொடுத்துவிடும். பொம்மைகளை வரிசையாக உட்கார வைத்து, ஸ்கேலை எடுத்து டீச்சர் விளையாட்டு ஆடும்போது அது பேசுகிற பேச்சைக் கேளுங்கள்.

"இன்னிக்கு அடி வாங்குனியா?" என்று கேட்டால் "இல்ல" என்றுதான் வரும், ஏனென்றால் அந்தக் கேள்வியிலேயே குற்றவாளி நீ என்று இருக்கிறது. "இன்னிக்கு யாருக்கெல்லாம் அடி விழுந்துச்சு?" என்று கேளுங்கள். மற்றவர்கள் கதையில் தொடங்கித் தன் கதைக்கு அதுவே வரும். வந்ததும் "நீ என்ன பண்ணுன?" என்று கேட்டுவிடாதீர்கள். அதோடு பேச்சு நின்றுவிடும்.

அடிச்சது நிச்சயமாத் தெரிஞ்சா முதல்ல என்ன செய்யணும்?

காயம் இருந்தால் முதலில் ஆஸ்பத்திரி. அரசு மருத்துவமனையில் ஆசிரியர் அடித்ததால் வந்த காயம் என்றே சொல்லுங்கள், அவர்கள் அதைப் பதிவு செய்வார்கள். "கீழ விழுந்துட்டான்" என்று சொல்லிவிட்டுப் பிறகு மாற்றினால் பின்னால் சிக்கல். தழும்பைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை சொன்னதை அது சொன்ன சொற்களிலேயே, தேதியோடு எழுதி வையுங்கள். திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள்.

காயம் பெரிதாக இல்லை என்றால் தலைமையாசிரியரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். நகலில் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சாகச் சொன்ன புகார் அடுத்த நாளே காற்றில் போய்விடும். பதில் இல்லையென்றால் மாவட்டக் கல்வி அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர் என்று மேலே போகலாம். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417, குழந்தைகளுக்கான உதவி எண் 1098. கல்வி உரிமைச் சட்டத்தின் 32-ஆவது பிரிவின்படி உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்தில் கொடுத்த புகாரை மூன்று மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதிலும் திருப்தி இல்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். காயம் பெரிது என்றால் இந்த வரிசையெல்லாம் வேண்டாம், நேராகக் காவல் நிலையம் போங்கள்.

ஒன்று செய்யவே கூடாது. சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போய் ஆசிரியரை அடிப்பது. அன்றோடு உங்கள் புகார் செத்துவிடும், வழக்கு உங்கள் மேல் வரும், பிள்ளையும் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

தண்டனைங்கிற பேர்ல பொம்பளப் பிள்ளையக் கண்ட இடத்துல தொட்டா?

அது அடி விவகாரமே இல்லை. 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் கீழ் வரும். ஆண் பிள்ளைக்கும் இதே சட்டம்தான். தலைமையாசிரியரோடு பேசித் தீர்க்கிற விஷயமும் அல்ல. விஷயம் தெரிந்தவர் யாராக இருந்தாலும் காவல் துறைக்குச் சொல்லியே தீர வேண்டும், பள்ளி மறைத்தால் அதுவும் குற்றம்.

புகார் குடுத்தா வன்மம் வச்சுக்குவாங்களே. டி.சி.யக் கையில குடுத்துட்டா எங்க போறது?

எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு வெளியேற்ற முடியாது என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு. டி.சி. பயம் காட்டினால் அந்தப் பேச்சையே இன்னொரு புகாராக எழுதுங்கள்.

வன்மம் உண்மையான பயம். அது வராது என்று நான் சொல்ல மாட்டேன். பேசாமல் ஒதுக்குவது, நோட்டைத் திருத்தாமல் விடுவது, பிராக்டிகல் மார்க்கில் கை வைப்பது என்று பல வழிகளில் வரும். தனியாகப் போகாதீர்கள் என்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே மருந்து. ஒரு வகுப்பில் ஒரே பிள்ளைக்கு மட்டும் அடி விழுவதில்லை. இரண்டு மூன்று பெற்றோர் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டால், யார் பிள்ளை மேல் வன்மம் காட்டுவது என்று தெரியாமல் போய்விடும்.

பிரைவேட் ஸ்கூல்ல இதெல்லாம் செல்லுமா?

செல்லும். 17-ஆவது பிரிவு ஃபீஸ் வாங்குகிற பள்ளியையும் சேர்த்துத்தான் பேசுகிறது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகள் விஷயத்தில்தான் ஒரு நுணுக்கம் உண்டு. கல்வி உரிமைச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதை வைத்து "எங்களுக்கு அந்தச் சட்டமே கிடையாது" என்று சொல்கிற நிர்வாகம் இருக்கலாம். சிறார் நீதிச் சட்டமும் சாதாரணக் குற்றவியல் சட்டமும் எல்லாப் பள்ளி வாசலுக்குள்ளும் போகும் என்று பதில் சொல்லுங்கள்.

பையன் பிளஸ் ஒன். கல்வி உரிமைச் சட்டம் 14 வயசு வரைக்கும்தானாமே?

ஆமாம், அது 6 முதல் 14 வரை. ஆனால் சிறார் நீதிச் சட்டத்துக்கு 18 வயது வரை குழந்தைதான். அதன் 75-ஆவது பிரிவில், தன் பொறுப்பில் இருக்கும் பிள்ளையைக் கொடுமைப்படுத்தினால் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். பிள்ளைகளின் பராமரிப்பை ஏற்றுக்கொண்ட நிறுவனத்தின் ஊழியர் என்றால் ஐந்து ஆண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் வரை அபராதமும் உண்டு. டியூஷன் மாஸ்டர், ஹாஸ்டல் வார்டன் பற்றிக் கேட்கிறவர்களுக்கும் இந்தப் பிரிவையே சொல்கிறேன்.

கேரளா ஹைகோர்ட்டே வாத்தியார் பிரம்பு வச்சுக்கலாம்னு சொல்லிருச்சாமே?

2025 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஒருவர், ஓர் ஆசிரியரின் முன்ஜாமீன் மனுவில் அப்படிச் சொன்னது உண்மை. பிரம்பு கையில் இருக்கட்டும், எப்போதும் பயன்படுத்த வேண்டியதில்லை, இருந்தாலே போதும் என்ற பொருளில் சொன்னார். ஆசிரியர் மேல் வழக்குப் பதிவதற்கு முன் போலீஸ் முதற்கட்ட விசாரணை நடத்த வேண்டும் என்பதுதான் அந்த உத்தரவின் முக்கியமான பகுதி. பொய்ப் புகாரிலிருந்து ஆசிரியரைக் காக்க வேண்டும் என்ற கவலை எனக்கும் நியாயமாகவே படுகிறது. பிரம்பு பற்றிச் சொன்னதோடு எனக்கு உடன்பாடு இல்லை. எப்படியானாலும் அது 17-ஆவது பிரிவை ரத்து செய்துவிடவில்லை. நம் ஊருக்கு வந்தால், சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல், மேலே சொன்ன தேசிய ஆணையத்தின் நெறிமுறைகளைப் பள்ளிகளில் நடைமுறைப்படுத்தும்படி தமிழ்நாடு அரசுக்கு உத்தரவிட்டிருக்கிறது.

பெத்தவங்கள்ல முக்காவாசிப் பேரு அடிக்கணும்னுதான் சொல்றாங்க. பெத்தவங்க பேச்சுக்கு மதிப்பு இல்லையா?

இருப்பதிலேயே கடினமான கேள்வி இது. பிரிட்டனில் இந்தக் கேள்வி இரண்டு பக்கமிருந்தும் கோர்ட்டுக்குப் போயிருக்கிறது. ஸ்காட்லாந்துப் பள்ளிகளில் தோல் வாரால் உள்ளங்கையில் அடிப்பது அப்போது வழக்கமாக இருந்தது. இரண்டு தாய்மார்கள் எங்கள் பிள்ளைகளை அப்படி அடிக்கக் கூடாது என்றார்கள். அதில் ஒருவரின் மகன் 1976-இல் அடி வாங்கக் கை நீட்ட மறுத்தான், பள்ளி அவனை நிறுத்திவைத்தது. 1982-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், பெற்றோரின் கொள்கையைப் பள்ளி மதிக்கவில்லை என்று அந்தத் தாய்மார்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1986-இல் அரசுப் பள்ளிகளில் அடியைத் தடை செய்து பிரிட்டனில் சட்டம் வந்தது.

பின்னாளில் தடை தனியார் பள்ளிகளுக்கும் வந்தது. சில கிறிஸ்தவப் பள்ளிகளின் பெற்றோரும் ஆசிரியர்களும், அடித்து வளர்ப்பது எங்கள் மத நம்பிக்கை, அதை மதியுங்கள் என்று வழக்குப் போட்டார்கள். 2005-இல் பிரிட்டனின் அன்றைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபை அதை ஏற்கவில்லை. பிள்ளைகளைக் காக்க நாடாளுமன்றம் அப்படித் தடை செய்யலாம் என்றது. அந்தத் தீர்ப்பில் நீதிபதி ஹேல் அம்மையார் சுட்டிக்காட்டிய ஒன்றை நான் கூட்டங்களில் சொல்வதுண்டு: வழக்கே பிள்ளைகளைப் பற்றியது, ஆனால் எந்த நீதிமன்றத்திலும் பிள்ளைகள் சார்பாகப் பேச ஒருவரும் இல்லை.

நம் நாட்டிலும் பெற்றோர் எல்லாரும் ஒரே பக்கம் இல்லை. டெல்லியில் பிரம்படியை அனுமதித்த பள்ளி விதியை 2000 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அந்த வழக்கைப் போட்டதே ஒரு பெற்றோர் அமைப்புதான். பெற்றோர் பேச்சுக்கு மதிப்பு உண்டு. பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது, எந்த மொழி, எந்தப் பாடம் என்பதில் உண்டு. அதன் உடம்பின் மேல் இன்னொருவர் கை வைக்க அனுமதி கொடுப்பதில் கிடையாது என்றுதான் நான் புரிந்துகொண்டிருக்கிறேன்.

எம் பிள்ளைய யாரும் அடிக்கிறதில்ல. பக்கத்து பெஞ்சுப் பையனத்தான் போட்டு அடிக்கிறாங்க. நான் ஏன் தலையிடணும்?

பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளையும் அதைப் படிக்கிறது. மேலே மூன்றாவது கேள்வியில் சொன்ன சித்தாள் அம்மாவையும் நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பையன் அவருடைய மகனாக இருக்கலாம், அவர் வர மாட்டார். உங்களால் வர முடியும், உங்கள் பேச்சைத் தலைமையாசிரியர் உட்கார வைத்துக் கேட்பார்.

சரி, கூட்டத்துல இத எப்படி ஆரம்பிக்கிறது? சண்ட ஆயிருமே.

அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் மேலாண்மைக் குழு உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும் என்பது சட்டம். பாதிப் பேர் பெண்கள். ஆகவே பேச உங்களுக்கு முழு உரிமை உண்டு. எந்த ஆசிரியர் பெயரையும் சொல்லித் தொடங்காதீர்கள். "ஆசிரியர் காலியிடத்துக்கு மனு கொடுப்போம், கூடவே பிள்ளைகளை அடிப்பதில்லை என்றும் தீர்மானம் போடுவோம்" என்று இரண்டையும் ஒன்றாக வையுங்கள். முதல் பாதிக்கு ஆசிரியர்களே கை தூக்குவார்கள், இரண்டாவதைப் பேச அப்போது இடம் கிடைக்கும்.

தீர்மானம் இரண்டு வரி போதும்: "இப்பள்ளியில் எந்தப் பிள்ளைக்கும் உடல் தண்டனை கொடுப்பதில்லை. பிள்ளையால் சிரமம் இருந்தால் ஆசிரியர் பெற்றோரை அழைப்பார், பெற்றோர் மூன்று நாளுக்குள் வந்து பார்ப்பார்." இரண்டாவது வரியை விட்டுவிடாதீர்கள், அது நம் பங்கு. கையெழுத்துப் போடும்போது உங்கள் போன் எண்ணையும் எழுதுங்கள். தலைமையாசிரியர் இதெல்லாம் தேவையில்லை என்றால், தேவையில்லை என்று அவர் சொன்னதையே கூட்டப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்.